பெட்ரோல் டாங்கின் மேல் சம்பந்தியம்மா

படகு கரையை விட்டுப் புறப்படும்போது எல்லோரும் அதில் இருப்பவர்களுக்குக் கையாட்டுவார்கள். நீங்கள் கையாட்ட வேண்டாம். படகின் பின்னால் தண்ணீர் எப்படி எழுகிறது என்று பாருங்கள்.

படகு எஞ்சின் பட்டறையை விட்டு நான் விலகிய அன்று மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காது மந்தமாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பிழைத்தவனுக்குக் காது போனபிறகு பட்டறையில் என்ன வேலை? அதனால்தான் வயதாகும் முன்பே விலகினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. சாப்பிட்ட கை காயும் முன்பே படித்துறைக்கு வந்துவிடுகிறேன். ஒரு படகு போனால் அது திரும்பி வரும்வரை அங்கேயே நடந்துகொண்டிருக்கிறேன். இவர் எதற்கு இப்படி அலைகிறார் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது தெரியும். அதற்கான பதில்தான் இது.

எட்வின் அண்ணன் மஸ்கட்டில் வெகுகாலம் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கினார். மீன் பிடிக்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு ஆற்றில் ஒரு சுற்றுப் போய்வர மட்டும். மீன் இல்லாமல் எஞ்சினை ஓட்டுகிற ஒருவரை எங்கள் கரை அதுவரை பார்த்ததில்லை. வலை சீர்செய்ய உட்காரும் வலைக்கூடத்தில் இருந்தவர்கள், காத்து வாங்கப் போகிறவருக்கு எதுக்குப் பெட்ரோல் என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் படகு குடிக்கிற பெட்ரோல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் என்னிடம் வந்தார். ப்ரொப்பெல்லரை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன். படகில் யாரெல்லாம் போவீர்கள்?

"நானும் அவளும்தான். வேற ஆரு?"

உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்ணீருக்குள் எத்தனை அங்குலம் முன்னால் போகுமோ அதுதான் பிட்ச். அவருடைய எஞ்சினோடு வந்தது பதினொன்று. அதை எடுத்துவிட்டுப் பதிமூன்று போட்டால், பாரம் குறைவாக இருக்கும்போது எஞ்சின் நிதானமாகச் சுற்றும், படகு அதே வேகத்தில் போகும், பெட்ரோலும் மிச்சமாகும். பாரம் கூடினால் கதை வேறு. ரப்பர் ஏற்றிய லாரி நாலாம் கியரிலேயே ஏற்றம் ஏறப் பார்க்கிற மாதிரி எஞ்சின் திணறும். பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், படகு நகராது.

இரண்டு பேர் என்றால் பதிமூன்று சரிதான். களியக்காவிளையில் சொல்லி வைத்து வாங்கிவந்தார். மாட்டினோம். காலையில் ஆறு அசையாமல் கிடந்தபோது அவரும் நானுமாக ஓட்டிப் பார்த்தோம். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வழுக்கியது. பின்னால் தண்ணீர் மெலிசாகக் கோடு போட்டதுபோல் வந்தது. எட்வின் அண்ணன் எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து, "ஒறங்குகது மாதிரி இருக்குல்லா" என்றார். அடுத்த வாரம் தெரு முழுக்க அதே பேச்சு. இந்தப் பேன் பெட்ரோலே குடிக்காது. ப்ரொப்பெல்லருக்கு எங்கள் கரையில் பேன் என்றுதான் பெயர்.

அவர் எனக்குச் சொன்ன பதிலில் பொய் இல்லை. இரண்டு பேருக்கென்றுதான் அந்தப் படகை வாங்கினார். ஆனால் நம் பக்கத்தில் இரண்டு பேருக்கென்று வாங்குகிற எதுவும் இரண்டு பேருக்காக இருப்பதில்லை. அது காராக இருந்தாலும் படகாக இருந்தாலும், வாசலில் நிற்கிறவரைப் பார்த்து இடமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

அந்த வருடம் அவர் மகளுக்கு இரணியல் பக்கம் கல்யாணம் ஆனது. கல்யாணம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அன்று முடிக்க வேண்டிய ஒரு கார்புரேட்டர் வேலைக்காக நான் மட்டும் பட்டறையில் இருந்தேன். சாப்பாடு முடிந்த நேரம் இருக்கும், ஆற்றிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. உறுமல் இல்லை, முனகல். பாரம் தாங்காத எஞ்சின் அப்படித்தான் சத்தம் போடும். ஸ்பானரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

படகு அதற்குள் நடு ஆற்றுக்குப் போய்விட்டது. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தியிருந்தது. பின்னால் தண்ணீர் மேடாக எழுந்து இரண்டு கரையிலும் மோதியது. படகு ஆற்றை உழுதுகொண்டு போனது. உள்ளே பட்டுச் சேலைகளும் பட்டுச் சட்டைகளுமாக எட்டுத் தலைகள் தெரிந்தன.

படித்துறையில் எட்வின் அண்ணனின் தம்பி மனைவி சாந்தி நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் படகின் நங்கூரம் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெட்ரோல் கேன். தூக்கிப் பார்த்தேன், நிறைய இருந்தது.

"நங்கூரம் எதுக்கு இஞ்ச கெடக்கு?"

"துரு பிடிச்சதுல்லா அண்ணா. சம்மந்தியம்மாக்க சேலையில பட்டா என்ன செய்ய?"

"இந்தக் கேனு?"

"பெட்ரோல் நாத்தம் அவியளுக்கு ஆவாதாம். டாங்குல பாதி இருக்கு, அது போதும்னு சொன்னாவ. இப்பப் போட்ட பேனு பெட்ரோலே குடிக்காதாம்லா. நீங்கதான போட்டுக் குடுத்தது?"

மிதவைச் சட்டைகளைப் பற்றியும் கேட்டேன். ஃபைபர் வெயிலில் சுடுகிறதென்று, வந்தவர்கள் உட்காருவதற்கு அவற்றை விரித்துப் போட்டிருந்தார்களாம்.

இனி அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். படித்துறையிலிருந்து கீழே போனால் தென்னந்தோப்பு ஓரமாக ஆறு வளையும். வளைவைத் தாண்டினால் பொழி, ஆறு கடலில் விழுகிற வாய். எட்வின் அண்ணன் மாப்பிள்ளைக்குப் பொழியைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போனார். மலையில் மழை பெய்து ஆறு கலங்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. கடலும் வற்றுகிற நேரம். போகும்போது ஆறே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு, அந்த ப்ரொப்பெல்லரால், ஆற்றின் ஒழுக்கை, அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். பாதி டாங்க் அதற்குப் போதாது. எஞ்சின் நின்றால் நங்கூரம் இல்லை. பொழிக்கு வெளியே அலை உடைகிற இடத்தில் எட்டுப் பேரோடு அந்தப் படகு புரண்டுவிடும்.

வேறு நாளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். யாராவது ஒருவரின் வள்ளம் பொழி வழியாக வந்துகொண்டோ போய்க்கொண்டோ இருக்கும், கயிறு போட்டு இழுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். வள்ளங்கள் மணலில் ஏற்றிக் கிடக்கும், எஞ்சின்கள் கழற்றி வீட்டில் சாக்குப் போட்டு மூடியிருக்கும்.

எட்வின் அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டாம் முறை எடுத்தார். குரலுக்குப் பின்னால் அதே முனகல். டாங்கில் எவ்வளவு இருக்கிறதென்று முள்ளைப் பார்க்கச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முள்ளு சீட்டுக்கு அடியிலல்லா இருக்கு. அதுமேல சம்மந்தியம்மா இருக்காவ."

டாங்குக்கு மேல் பெட்டி செய்து மெத்தை போட்டு அதைத்தான் நல்ல இருக்கையாக வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவை அங்கே உட்கார வைத்திருக்கிறார்.

"கொஞ்சம் எழும்பச் சொல்லுங்க அண்ணே."

"மறுவீட்டுக்கு வந்தவியள எழும்பச் சொல்லவா? சும்ம இரியும் ஓய்."

அப்படியே திரும்பிவிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை பொழி பார்க்க வேண்டும் என்கிறார், காட்டாமல் எப்படித் திரும்ப என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பிறகு அடித்தபோது மணி மட்டும் போனது.

படகு தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்தது. சத்தமும் தேய்ந்தது. படித்துறையிலிருந்து பட்டறைக்குப் போனேன், பட்டறையிலிருந்து படித்துறைக்கு வந்தேன். கேனை எடுத்தேன், வைத்தேன். சாந்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் திரும்பி வர வேண்டிய நேரம் இன்னும் ஆகவில்லை. அதுதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. நேரம் தப்பியிருந்தால் எவனும் ஓடுவான். படகில் இருக்கிற ஆளே ஒன்றுமில்லை என்கிறார், கரையில் இருக்கிற நான் ஒன்று இருக்கிறது என்கிறேன். என் கணக்கு பிசகி அவர்கள் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினால்? சம்பந்தி வீட்டாரை மீட்டுவர ஊர் திரண்டு போனது என்ற பேச்சு இரணியல் வரைக்கும் போகும். கல்யாணமான வாரத்திலேயே அந்தப் பிள்ளை மாமியார் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எட்வின் அண்ணன் பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டார்.

நேரம் தப்பும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். வீட்டுக்குப் போய் எஞ்சினைத் தூக்கி, மணலில் சுமந்து, வள்ளத்தில் மாட்டி, வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளுவதற்குள் ஆறு தன் வேலையை முடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் ஆபத்து வந்தபிறகு கூப்பிடுவதும் கூப்பிடாமல் இருப்பதும் ஒன்றுதான். இது பிடிபட்டதும் கேனைத் தூக்கிக்கொண்டு வலைக்கூடத்துக்கு ஓடினேன்.

அங்கே சூசை அண்ணன் நாலைந்து பேரோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். பொழியை அவரைப்போல் அறிந்தவர் அந்தக் கரையில் இல்லை. கிண்டல் செய்வதிலும் அப்படித்தான். நான் மூச்சிரைக்க நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வார்த்தை வரவில்லை.

"என்ன ஓய், கேனும் கையுமா? ஞாயித்துக்கிழமையும் எஞ்சின் விக்க வந்தீரா?"

எட்வின் அண்ணனின் படகில் பெட்ரோல் தீரப் போகிறது என்றேன்.

"தீந்துபோச்சா, தீரப் போகுதா?"

"தீரப் போகுது."

கூடம் சிரித்தது. சூசை அண்ணன் ஒரு சீட்டை இறக்கிவிட்டு, "அப்ப தீந்தபிறவு வாரும்" என்றார்.

மறுபடியும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. திரும்பிப் போய்விடத்தான் கால் இழுத்தது. ஆனால் கை கேனை விடவில்லை.

"தீந்தபிறவு வந்தா நீங்க எஞ்சின தூக்கி வைக்கதுக்குள்ள அவிய பொழி தாண்டிருவாவ. எட்டுப் பேரு. நங்கூரம் படித்துறையில கெடக்கு."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. சிரிப்பு நின்றது. சூசை அண்ணன் வெளியே எட்டி ஆற்றைப் பார்த்தார். தண்ணீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏலே, எஞ்சின எடுங்கல."

இரண்டு பேர் அவர் வீட்டுக்கு ஓடி எஞ்சினைச் சுமந்துவந்தார்கள், மற்றவர்கள் வள்ளத்தைத் தள்ளினார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் நேரம் தாங்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வளைவைத் திரும்பியதும் என் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. எட்வின் அண்ணனின் எஞ்சின் முன்பே நின்றுவிட்டிருந்தது. பொழிக்கு மேலே ஒரு மணல்திட்டின் ஓரம் படகு சாய்ந்து நின்றது. அவர் படகு தள்ளுகிற கழுக்கோலை மணலில் ஊன்றி நெஞ்சைக் கொடுத்துப் பிடித்திருந்தார். புது மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு அந்தத் திட்டைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தது. படகுக்குள் ஒருவரும் கத்தவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. சம்பந்தியம்மா மூத்த மகன் வழிப் பேரக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதே இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

சூசை அண்ணன் வள்ளத்தை மேலேயிருந்து பைய இறக்கி ஒட்டிப் பிடித்தார். கயிறு மாறியது. மாப்பிள்ளையைச் சட்டைக் காலரைப் பிடித்தே உள்ளே இழுத்தார்கள்.

இப்போது இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எட்வின் அண்ணன் கேனைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். ஊற்றிக்கொண்டு தன் படகைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் அவருக்கு. சம்பந்தி வீட்டார் முன்னால் கயிறு கட்டி இழுபட்டுப் போவது அவருக்குச் செத்துப்போவதற்குச் சமம் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெட்ரோல் ஊற்றினாலும் அந்தப் பாரத்தோடு அந்த ப்ரொப்பெல்லர் ஒழுக்கில் ஏறாது. நான் ஒன்று சொன்னேன், சூசை அண்ணன் தலையாட்டினார். பாதிப் பேரை வள்ளத்தில் ஏற்றுவோம். பெட்ரோல் ஊற்றி எட்வின் அண்ணன் தன் படகைத் தானே ஓட்டட்டும். நடுவில் கயிறும் இருக்கட்டும், ஆனால் தளர்வாக இருக்கட்டும். கரையில் நிற்கிறவர்களுக்கு இரண்டு படகு சேர்ந்து வருவதுபோல் தெரியும். எஞ்சின் நின்றால் கயிறு பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோல் ஊற்ற டாங்கைத் திறக்க வேண்டும். எட்வின் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு அப்போதும் வாய் வரவில்லை. நான் போய் நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் எழும்பணும். டாங்கு உங்களுக்கு அடியில இருக்கு."

அவர் சட்டென்று எழுந்தார். குழந்தையை மூத்த மருமகளிடம் கொடுத்துவிட்டு இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எட்வின் அண்ணனைப் பார்த்தார்.

"இதயா சம்மந்தி இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டு வந்திய? நான் இருந்த இருப்பு சரியில்லையோன்னு நானும் அசையாமலே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழும்பியிருக்க மாட்டேனா?"

எட்வின் அண்ணன் டாங்கின் மூடியைத் திருகினார். சூசை அண்ணன் கேனை எடுத்துக் கொடுத்தார்.

ஊற்றினோம். நாலு பேரோடு அவர் எஞ்சினை எடுத்தார். அதே எஞ்சின், அதே ப்ரொப்பெல்லர்தான். கொஞ்ச தூரம் முனகிவிட்டுப் படகு மூக்கைத் தாழ்த்தியது. முனகல் நின்று சத்தம் தெளிந்தது. பின்னால் எழுந்த மேடு அமுங்கிக் கோடானது. வளைவு திரும்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை நின்றிருந்த மணல்திட்டு அங்கே இல்லை.

படித்துறையில் சாந்தி மறுபடியும் கையாட்டினாள். மாப்பிள்ளை ஏன் நனைந்திருக்கிறார் என்று கேட்டதற்கு, தண்ணீரைக் கண்டால் விடமாட்டார் என்று அவர் அம்மாவே சொல்லிவிட்டார். பேச்சு எங்கேயும் போகவில்லை. சூசை அண்ணன் திரும்பிப் போய்க் கவிழ்த்து வைத்த சீட்டை எடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எட்வின் அண்ணன் அன்று என்னிடம் பேசவில்லை. சில நாள் கழித்து, பழைய பதினொன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "கொறச்சுக் கூடக் குடிச்சாலும் சாரமில்ல" என்றார். பெட்ரோல் கொஞ்சம் அதிகம் போனாலும் பரவாயில்லையாம். மாட்டிக் கொடுத்தேன். இருக்கைப் பெட்டியில் முள் தெரிகிற அளவுக்கு மெத்தையை வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். விருந்தாளி உட்காருகிற மெத்தையை வெட்டுவதா என்று அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

நீங்கள் என்னிடம் ப்ரொப்பெல்லருக்கு மூன்று இலையா நாலு இலையா, அலுமினியமா ஸ்டீலா என்றெல்லாம் கேட்பீர்கள். அதை எல்லாம் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டியதை நீங்கள்தான் கேட்க வேண்டும். எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்காதீர்கள், இரண்டு என்றுதான் சொல்வார்கள், மனதாரச் சொல்வார்கள். கிறிஸ்மஸுக்கு யார் வருவார்கள், மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் எத்தனை பேர், அவர்களில் யாரை உங்களால் கரையில் நிறுத்த முடியும் என்று கேளுங்கள். ப்ரொப்பெல்லரை அந்த நாளுக்குப் போடுங்கள். மற்ற நாட்களில் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டுப் போகட்டும்.

பெட்ரோல் மிச்சம் என்று நீங்கள் சொல்கிற வார்த்தையை வாடிக்கையாளர் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்றும் யோசியுங்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அன்று நிறைந்த கேன் படித்துறையில் நின்றது. பின்னால் எழும் தண்ணீரைப் பார்த்து மனம் பதறினால் பதறியபோதே சத்தம் போடுங்கள். கூடம் சிரிக்கும், சிரிக்கட்டும். என்னைப்போன்ற வாயில்லாதவனுக்கே அன்று வார்த்தை வந்தது, உங்களுக்கு வராமலா போகும்?

மகளுக்குப் பிள்ளை பிறந்து, ஞானஸ்நானத்துக்காக இரணியல் ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். சாயங்காலம் எட்வின் அண்ணனின் படகு படித்துறையில் நின்றது. இப்போது நங்கூரம் உள்ளே இருந்தது. சம்பந்தியம்மா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். எட்வின் அண்ணன் அதே இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் உட்காரவில்லை. குனிந்து மெத்தையைத் தூக்கினார், கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"முக்கால் இருக்கு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இனி எடுங்க சம்மந்தி."